பின்பாரம்

ஆலை வாசலில் நின்ற எல்லா வண்டிகளின் மேலும் பனி ஒரே சீராக அரை அடிக்குப் படிந்திருந்தது. நோலன் லிண்டேக்கரின் காரில் மட்டும், டிக்கி மூடியின் நடுவில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குப் பனியே இல்லை. கருநீல வண்ணம் துடைத்து வைத்தாற்போல் பளபளத்தது. யாரோ வெகுநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் காரைச் சுற்றிலும் பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. நோலன் கையுறையைக் கழற்றி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். மற்ற இடங்களைவிட அங்கே இன்னும் சில்லென்று இருந்தது.

அதைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்க அவனுக்கு நேரமில்லை. ஏரிப் பக்கமிருந்து பனி வருகிறது என்று பள்ளிக்கூடத்தை மதியமே மூடிவிட்டார்கள். பேருந்து மகள் டெஸ்ஸாவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய் நெடுநேரம் ஆகிவிட்டது. எட்டு வயதுக் குழந்தை, கார்ட்டர் மேட்டுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு இல்லாத இடத்தில், தனியாக இருக்கிறாள். சீஸ் ஆலையில் பால் லாரி ஒன்று குழாய் உறைந்துபோய் நின்று தொலைத்ததால் அவனால் ஷிப்டை விட்டு முன்னதாகக் கிளம்ப முடியவில்லை. குழந்தையைத் தனியே விட்ட சேதி, பிரிந்து வாழும் அவளுடைய அம்மாவின் காதுக்குப் போனால், வாரத்தில் டெஸ்ஸா அவனோடு இருக்கும் நாலு நாளும் போய்விடும்.

"என்ன ராசா, பட்டத்துக் குதிரைக்கு இன்னும் செருப்பு மாத்தலையா?"

இரண்டு வண்டி தள்ளி, தன் பழைய பிக்கப்பின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த டோரின் மோசர்தான் கேட்டாள். பேக்கிங் பகுதியின் மேற்பார்வையாளர். ஆகஸ்டில் அவன் இந்தக் காரை வாங்கிய நாள் முதல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை.

"சனிக்கிழமை பனி டயர் மாத்தறேன்னு சொல்லியிருக்கேன். மான் வேட்டை முடியட்டும்னு பாத்தேன்."

"மான் உனக்காக நிக்கும், பனி நிக்குமா? கோடை டயர்டா அது. இந்தக் குளிருக்கு அது ரப்பர் இல்ல, மரக்கட்டை."

"இந்தப் பனி தங்காது டோரின். நாளைக்கு உருகிடும்."

"நவம்பர்ல ஊரே அதைத்தான் சொல்லுது. வசந்தத்துல பள்ளத்துலேருந்து பிணமா எடுக்கிறாங்களே, அவனுங்களும் அதையே சொல்லிட்டுத்தான் கிளம்பியிருப்பானுங்க." அவள் பிக்கப்பின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். "இங்க நாலு மணல் மூட்டை கிடக்கு. ரெண்டைத் தூக்கி உன் டிக்கில போட்டுக்க. பின்னாடி காலியா வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏறாதே."

நோலன் எட்டிப் பார்த்தான். மூட்டைகள் ஓரத்தில் கிழிந்து, சேறும் தண்ணீருமாகக் கசிந்துகொண்டிருந்தன. அவன் டிக்கியிலோ சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, ஒரு தூசி இல்லாமல் வைத்திருந்தான்.

"வேணாம். கம்பளம் பாழாயிடும்."

"சரிதான். கம்பளத்தை நல்லா வச்சுக்க. நாளைக்கு உன்னை அதுல சுருட்டித்தான் கொண்டு வரணும்," என்று சிரித்துவிட்டு டோரின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் பின்சக்கரம் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் நவம்பர் பிறந்தால் டிக்கியில் மணல் ஏற்றுவார்கள். பின்னால் பாரம் இருந்தால்தான் சக்கரம் தரையைக் கடிக்கும். நோலனின் அப்பா மணல் வாங்கக்கூடச் சோம்பல்பட்டவர். வண்டி சிக்கிக்கொண்டால் கண்ணாடியை இறக்கி, "யாராவது பின்னால ஏறுங்கப்பா!" என்று தெருவைப் பார்த்துக் கத்துவார். தெரிந்தவர், தெரியாதவர், போகிறவர், வருகிறவர் என்று யாராவது வந்து சிரித்துக்கொண்டே பின்பம்பரில் ஏறி நிற்பார்கள். மேடு ஏறியதும் குதித்து இறங்கிப் போய்விடுவார்கள். அங்கே அது ஒரு மரியாதை. ஏறச் சொன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

ஊர் எல்லை தாண்டும்வரை கார் சாதுவாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு அதன் சுபாவமே மாறிவிட்டது. முந்நூறு குதிரைச் சக்தி என்று நோலன் பெருமையடித்துக்கொண்ட அந்த வண்டி, காலை லேசாக அழுத்தினாலே பின்புறத்தை ஆட்டிக்கொண்டு குடிகாரனைப்போல ஓரத்துக்கு ஓடியது. பிரேக்கைத் தொட்டால் மிதிக்கு அடியில் கடகடவென்று நடுக்கம் மட்டும் வந்தது, வேகம் குறையவில்லை. முகப்பில், வழுக்குகிறது என்று காட்டும் மஞ்சள் விளக்கு ஓயாமல் கண் சிமிட்டியது. சாயங்காலம் முழுதாக வருவதற்குள்ளேயே வெளிச்சம் பழைய பாத்திரத்தின் நிறத்துக்கு மங்கிவிட்டது, ஏரியிலிருந்து கிளம்பிய பனி சாலையின் குறுக்கே படுக்கைவாக்கில் பறந்தது, சாலை எது பள்ளம் எது என்று சொல்ல ஓரத்தில் நட்ட கம்புகளும் அவற்றின் உச்சியில் துடிக்கும் சிவப்புத் துணிகளும் மட்டுமே மிச்சம் இருந்தன. நோலன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்பு என்று குறிவைத்துப் போய்க்கொண்டிருந்தான். தோள்பட்டை கல்லாக இறுகிப்போயிருந்தது.

கார் ஒலிபெருக்கியில் போன் அடித்தது.

"அப்பா, கரண்ட் போயிடுச்சு."

"பயப்படாதே கண்ணு. டார்ச் இருக்குல்ல?"

"கைல வச்சிருக்கேன். ஹீட்டரும் நின்னுபோச்சு. போர்வைக்குள்ள இருக்கேன். நீ எங்க இருக்கே?"

"மேட்டுக்குக் கீழ வந்துட்டேன். யாரு தட்டினாலும் கதவைத் திறக்காதே. நம்ம கார் வெளிச்சம் படிமேல விழுந்தாத்தான் திறக்கணும். சரியா?"

"எனக்குத் தெரியாதா? நம்மது நீல வெளிச்சம். நீ வண்டியை அணைச்சப்புறமும் எனக்காகக் கொஞ்ச நேரம் எரியும்."

"அதேதான். அதைப் பாத்தப்புறம்தான் திறக்கணும்."

கார் வாங்கிய அன்றே அந்த வெளிச்சத்தை அவளுக்காக ஏற்பாடு செய்திருந்தான். காரை அணைத்ததும் முன்விளக்குகள் தாமாக எரிந்து, வாசற்படிவரை அவளுக்கு வழி காட்டிவிட்டு, அரை நிமிஷத்தில் அணையும். டெஸ்ஸாவுக்குக் காரில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

கார்ட்டர் மேட்டில் அவன் முடிந்த அளவு வேகம் எடுத்து ஏறினான். பாதிவரை ஏறிற்று. பிறகு பின்சக்கரங்கள் வீணாகச் சுற்ற ஆரம்பித்தன, சத்தம் ஓலமாக உயர்ந்தது, ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது, கார் நின்றது, நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில், ரொம்ப நிதானமாக, பள்ளத்தைப் பார்த்து நழுவத் தொடங்கியது. ஒரு கம்பில் முட்டி நின்றது. அவன் முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தான். இறங்கிக் கையால் பனியைத் தோண்டிப் பார்த்தான். தரைவிரிப்பை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தான். அது பின்னால் பறந்துபோய் விழுந்ததுதான் மிச்சம். நடந்து போகலாம் என்றால் இந்தக் காற்றில் அடுத்த கம்புகூடத் தெரியவில்லை.

மறுபடி உள்ளே ஏறி உட்கார்ந்தபோது அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு மூட்டை மணல். கம்பளம் அழுக்காகிவிடுமாம். ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினான். பிறகு, ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியாது, கண்ணாடியை இறக்கி, ஒரு ஈ காக்கை இல்லாத அந்த வெள்ளைக்குள் தலையை நீட்டி, அப்பாவின் குரலிலேயே கத்தினான்.

"யாராவது பின்னால ஏறுங்கப்பா!"

காற்று சட்டென்று நின்றது.

காரின் பின்பக்கம் அமுங்கியது. முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். கனத்த ஆள் ஒருவர் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மற்றக் காலையும் தூக்கி வைத்தாற்போல. சுருள்கம்பிகள் முனகின. முன்விளக்கின் வெளிச்சம் சாலையை விட்டு எழும்பி, கம்புகளின் உச்சியில் இருந்த சிவப்புத் துணிமேல் போய் நின்றது.

நோலனின் கால் தன்பாட்டுக்கு அழுத்தியது. சக்கரம் கடித்தது. கார் ஏறியது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நிமிஷம் அவனுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். "அப்படித்தான்! அப்படித்தான் செல்லம்!" என்று காரைத் தட்டிக் கொடுத்தான். பள்ளத்துப் பனி டிக்கிமேல் சரிந்திருக்கும், அந்தப் பாரம்தான் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். மேட்டின் உச்சிக்கு வந்ததும்தான் பின்கண்ணாடியைப் பார்த்தான்.

ஒன்றும் தெரியவில்லை. பின்கண்ணாடி மட்டும் ஆவி படர்ந்து வெளுத்திருந்தது. பக்கக் கண்ணாடிகள் சுத்தமாக இருந்தன. ஆவி வெளிப்புறம் இல்லை, உட்புறம். அது விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. கூடவே ஒரு வாடை. ஈரக் கம்பளித் துணியும் ஏரியின் அடிச்சேறும் கலந்த வாடை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் அவன் பிடரியில் மட்டும் குளிர்ந்தது.

மேடு ஏறியாகிவிட்டது. ஏறியவர்கள் இறங்கிக்கொள்ளும் இடம் அதுதான். பாரம் இறங்கவில்லை.

போன் மறுபடி அடித்தது.

"அப்பா, வந்துட்டியா?"

"மேல ஏறிட்டேன் கண்ணு. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"உன்கூட யாரு வர்றாங்க?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"யாரோ மூச்சு விடறாங்க. நீ பேசறப்பவும் கேக்குது."

"அது... ஹீட்டர் சத்தம்டா."

"ஹீட்டர் இருமுமா அப்பா?"

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தான். சிக்னல் இல்லை. கரண்ட்டோடு செல்போன் கோபுரமும் போய்விட்டது.

டிங்.

முகப்புத் திரையில் காரின் சின்னப் படம் வந்தது. ஐந்து இருக்கைகள். பின்னிருக்கையின் நடுவில் சிவப்பாக ஓர் ஆள் உருவம். பெல்ட் போடவில்லை என்று கார் சொல்லிற்று. அந்த இருக்கையில் அவன் ஒரு பையைக்கூட வைத்திருக்கவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கார் சாலையை விட்டு ஓடிவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டான். பார்க்கப் பயம் என்பதுதான் உண்மை. அவன் இருக்கையின் முதுகுத் தோல் மெல்ல இழுபட்டது. எதையோ பிடித்துக்கொண்டு முன்னால் எழுகிறவரின் கை.

டிங். டிங். டிங்.

பின்னிருக்கைச் சிவப்பு அணைந்தது. பக்கத்து இருக்கையின் சிவப்பு எரிந்தது. ஓரக்கண்ணில் அந்த இருக்கையின் மெத்தை அமுங்குவதைக் கண்டான். மெதுவாக. அகலமாக. மேலே எதுவும் இல்லை. வாடை மட்டும், வாயிலேயே வந்து உட்கார்ந்தாற்போல.

பாரம் முன்னால் வந்ததும் பின்புறம் லேசாகிவிட்டது. கார் அலைந்தது. சக்கரம் வழுக்கியது. சாலையின் குறுக்கே பின்புறம் சுழன்று, கம்பு ஒன்று கண்ணாடியை உரசி ஒடிந்தது. இடது பக்கம் பள்ளம். அதற்குக் கீழே ஓடை. மஞ்சள் விளக்கு வெறி பிடித்தாற்போல் சிமிட்டியது. செத்தோம் என்று நினைத்தான். டெஸ்ஸா போர்வைக்குள் உட்கார்ந்து விடியும்வரை வெளிச்சத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான்.

"பின்னால போ," என்று கெஞ்சினான். "தயவுபண்ணிப் பின்னாலயே இரு. வீடு வரைக்கும் பின்னாலயே உக்காந்து வா."

மெத்தை நிமிர்ந்தது. சிவப்பு அணைந்தது. காரின் பின்பக்கம் சுகமாக அமுங்கிக்கொண்டது. கார் நேராகியது.

இரண்டு கம்பு தாண்டியபிறகுதான் தான் சொன்னது அவனுக்கு உறைத்தது.

வீடு வரைக்கும்.

முதலில் பின்னால் ஏறச் சொன்னான், ஏறியது. இப்போது வீடு வரைக்கும் வரச் சொல்லியிருக்கிறான். அங்கே எட்டு வயதுப் பெண் இருக்கிறாள்.

"வேணாம்," என்றான். "இங்கயே இறங்கிக்கோ. போதும். ரொம்ப நன்றி. இறங்கிக்கோ."

பின்கண்ணாடியில் ஆவி விரிந்தது. சுருங்கியது.

வளைவுக்கு அப்பால் வீட்டுக் கூரை தெரிந்தது. ஜன்னலில் டார்ச் வெளிச்சம் ஒன்று இங்குமங்கும் அலைந்தது. நோலன் முன்விளக்கை அணைத்தான். வெளிச்சம் படியில் விழக்கூடாது. விழாவிட்டால் அவள் திறக்கமாட்டாள். சொன்ன சொல் கேட்கிற பெண். ஓரக் கம்பைக் குறிவைத்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். பள்ளத்தில் விழட்டும். ஓடையில் விழட்டும். தான் போனாலும் போகட்டும், இது வீட்டுக்குப் போகக்கூடாது.

கார் திரும்பவில்லை.

அன்று முழுக்க வழுக்கிய கார். பிரேக்குக்கு நிற்காத கார். இப்போது கோடைகாலத் தார்ச்சாலையில் போவதுபோல, ஒரு நூல் பிசகாமல், நேராகப் போனது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தான். அந்தப் பக்கம் ஒடித்தான். கை சும்மா சுற்றியது. பொத்தானை விடாமல் அழுத்தி என்ஜினை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. முகப்பு இருண்டது.

கார் நிற்கவில்லை.

வீட்டு வாசலுக்கு ஏறும் பாதை செங்குத்தானது. இரண்டு பக்கமும் மரவேலி. என்ஜின் இல்லாமல், ஓசை இல்லாமல், அந்த ஏற்றத்தில் கார் திரும்பி ஏறியது. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறாற்போல. சக்கரத்துக்கு அடியில் பனி மட்டும் நறநறவென்றது.

படிக்கு எதிரே நின்றது.

நின்றதும், தினமும் செய்வதுபோலவே, முன்விளக்குகள் தாமாக எரிந்தன. நீல வெளிச்சம் படிகளில் விழுந்தது. கதவில் விழுந்தது.

"திறக்காதே!" என்று நோலன் கத்தினான். மூடிய கண்ணாடிக்குள் அது அவன் காதிலேயே மோதியது. "டெஸ்! திறக்காதே!"

கதவு திறந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு, கையில் டார்ச்சோடு, சிரித்துக்கொண்டு நின்றாள்.

காரின் பின்பக்கம் எழும்பியது. முதலில் வலது பக்கம். பிறகு இடது.

அவன் பெல்ட்டை அறுக்காத குறையாகக் கழற்றிக் கதவைத் தள்ளினான். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது. பாரம் போய்விட்டது, சக்கரத்துக்குப் பிடிப்பும் போய்விட்டது. பாதி திறந்த கதவு வேலிக் கம்பத்தில் மோதி, வளைந்து, அவனை உள்ளேயே வைத்து இறுகிக்கொண்டது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். சக்கரங்கள் சுற்றவில்லை. கார் போய்க்கொண்டிருந்தது. பின்னால். கீழே. நிதானமாக.

முன்கண்ணாடியில் வீடு மெல்ல மெல்லச் சிறுத்தது.

முதல் படியில் இருந்த பனி அமுங்கியது. அகலமாக. இரண்டாவது படி. மூன்றாவது.

டெஸ்ஸாவின் முகம் காரை விட்டு நகர்ந்தது. எதிரே நிற்பவரைப் பார்ப்பதுபோல அண்ணாந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. அப்பாவோடு வருகிறவர்கள் விருந்தாளிகள். விருந்தாளி வந்தால் ஒதுங்கி நின்று கதவை அகலத் திறந்து பிடிக்க வேண்டும் என்று அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அவள் ஒதுங்கி நின்றாள். கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

வாசலில் கிடந்த பனியும் அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

அரை நிமிஷம் முடிந்தது. விளக்குகள் அணைந்தன.